மூன்றாவது பலகை

நாங்களே வரைந்த மூன்றாவது மின்சுற்றுப் பலகைதான் இப்போது எங்கள் வளவில் தண்ணீர்ப் பம்பியை நிறுத்தும் வேலை செய்கிறது. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், மாமரக் கவட்டில் கட்டிய பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் குடியிருக்கிறது. இரண்டாவதை உதிரிப் பாகங்களுக்காகக் கழற்றிவிட்டோம். முதலாவது என் மேசை லாச்சிக்குள், எந்தப் பூட்டுக்கு உரியவை என்று தெரியாத திறப்புகளோடு கிடக்கிறது. நான் எழுதப்போவது பெரும்பாலும் லாச்சிக்குள் கிடப்பதைப் பற்றித்தான்.

தொடங்கியது 2022இல். அந்த ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் இலங்கை முழுவதும் 13 மணி நேரம் மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கிளிநொச்சி வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்குக் கிணற்றிலிருந்து இறைப்பது மண்ணெண்ணெய் இயந்திரம். மண்ணெண்ணெய்க்கு வரிசை, வரிசையில் நின்றாலும் கிடைக்குமென்று உறுதி இல்லை. கத்தரியும் பயற்றையும் அதற்காகக் காத்திருக்குமா? ஒரு சூரியத் தகடு, ஒரு பழைய 12 வோல்ட் பற்றரி, ஒரு சிறிய பம்பி என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்தினோம். பம்பி ஐந்நூறு லீற்றர்த் தாங்கியை நிரப்பும். தாங்கியிலிருந்து சொட்டுநீர்க் குழாய்கள் பாத்திகளுக்குப் போகும். நிரம்பியதும் பம்பியை நிறுத்தும் கருவி அம்மாவின் குரல்தான். அம்மா கோயிலுக்குப் போன நாட்களில் முற்றம் சேறாகும், பற்றரி படுத்துவிடும்.

அக்காவின் மகள் எங்களோடு தங்கி உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகை, அதாவது நிரல் எழுதி ஓட்டக்கூடிய ஒரு சிறிய கணினிப் பலகை இருந்தது. அதில் இரண்டு கம்பிகளைச் செருகி, தாங்கியில் தண்ணீர் தொடும்போது பம்பியை நிறுத்த ரிலே என்ற மின்னாளி விழும்படி ஒரு நாளில் நிரல் எழுதிவிட்டாள். மேசையில் எல்லாம் அருமையாக ஓடியது. வளவுக்குக் கொண்டுபோனதும் காற்றுக்கு ஒரு கம்பி கழன்றது, அணில் ஒன்றை இழுத்தது. தவிர, அந்தப் பலகை அவளுடைய படிப்புக்கு வேண்டியது. “மாமா, இதில் வேலை செய்வது இந்த ஒரு சிப் மட்டும்தானே? இதை மட்டும் நாங்களே ஒரு பலகையில் வைத்தால் என்ன?” என்று கேட்டாள்.

அந்தச் சிப்பின் பெயர் ஏடிமெகா 328பி. பக்கத்துக்குப் பதினான்காக 28 கால்கள், பூரான் போல. நிரலுக்கு 32 கிலோபைட் இடம், வேலை நினைவகம் 2 கிலோபைட். தாங்கி நிரம்பிவிட்டதா என்று பார்ப்பதற்கு இதுவே ஆடம்பரம். நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன். சிறுவயதிலிருந்து வானொலிகளைப் பிரித்துப் பழக்கம். “செய்யலாம் பிள்ளை, ஒரு வாரம் போதும்” என்று சொன்னேன். ஒன்றரை வருடம் எடுத்தது.

எங்கே பிழைத்தோம் என்று இப்போது யோசித்தால், ‘வேலை செய்வது இந்த ஒரு சிப் மட்டும்தானே’ என்ற அந்த வாக்கியத்திலேதான். கடையில் வாங்கும் ஆர்டுயினோ, வீட்டு அம்மாவைப் போன்றது. வந்த மின்சாரத்தை ஐந்து வோல்ட்டாக அடக்கிக் கொடுப்பது, சிப் எழும்பும் நேரத்தில் அதன் தலையைப் பிடித்து நிமிர்த்துவது, துடிப்புக் கொடுப்பது, இரைச்சலை விழுங்குவது, கணினியோடு பேசுவது என்று எத்தனையோ வேலைகளைச் சொல்லாமலே செய்துகொண்டிருக்கும். அது இல்லாத இடத்தில்தான் அத்தனையும் ஒருவர் செய்த வேலை என்று தெரிகிறது. புதிதாகப் பலகை செய்ய வருகிறவர்கள் நிரலைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். எங்களை அலைக்கழித்த பிழைகளில் ஒன்றுகூட நிரலில் இருக்கவில்லை.

இடையில் ஒரு கிளைக்கதை. இந்தச் சிப்பின் குடும்பத்துக்கு ஏவிஆர் என்று பெயர். அதன் கட்டமைப்பை முதலில் யோசித்தவர்கள் நோர்வேயின் துரொண்ட்ஹைம் நகரில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள், ஆல்ஃப்-ஏகில் போகன், வேகார்ட் வோலன். நோர்வே என்றால் கிளிநொச்சியில் இருக்கும் என் வயதுக்காரருக்கு 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தமும், ஹெலிகொப்டரில் வந்திறங்கிய வெள்ளைக்காரத் தூதர்களும்தான் ஞாபகம் வரும். அந்த நாட்டிலிருந்து புறப்பட்ட ஒரு பொருள் எங்கள் மாமரத்தில் தங்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். ஏவிஆரை உருவாக்கிய அட்மெல் நிறுவனத்தை 2016இல் மைக்ரோசிப் வாங்கிவிட்டது. சிப்பின் கால்கள் மாறவில்லை, அதுவே எங்களுக்குப் போதும்.

அந்த மாணவர்களின் யோசனை சிப்பாக வளர்ந்துகொண்டிருந்த 1990களில் இங்கே பொருளாதாரத் தடை. டோர்ச்சுக்குப் போடும் பற்றரிகூட உள்ளே வர முடியாது. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லில் சாய்த்து, கையால் மிதியைச் சுற்றி வானொலி கேட்டார். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு நேரோட்டம் வேண்டும். பழுதான பலகைகளிலிருந்து, மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் நான்கு டயோடுகளைக் கழற்றிச் சதுரமாகக் கட்டினார். அப்படியும் கை களைத்துச் சில்லு மெதுவாகும் கணத்தில் செய்தி விக்கும். உடைந்த தொலைக்காட்சி ஒன்றிலிருந்து தகர டப்பா போன்ற ஒரு கப்பாசிட்டரைக் கழற்றி இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே வைத்தார், விக்கல் நின்றது. சுற்றுகிறவனுக்கு மூச்சு வாங்கும் நேரத்துக்கு அது சேமித்துக் கொடுக்கும் என்று அப்பா எனக்கு விளக்கினார். எனக்கு அப்போது பத்து வயது. இதைக் காரணமில்லாமல் சொல்லவில்லை. சிப்பின் கால்களுக்கு வருவோம்.

சிப்பின் ஒரு முனையில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கும். அது மேலே இருக்கும்படி பிடித்தால் இடப்பக்கம் முதலாவதாக வருவது ஒன்றாம் கால். அங்கிருந்து கீழே பதினான்குவரை எண்ணி, வலப்பக்கம் கீழிருந்து மேலே 28வரை போக வேண்டும். ஏழாம் காலுக்கு ஐந்து வோல்ட், எட்டாம் காலுக்குத் தரை, அதாவது பற்றரியின் மறை முனை. இத்தோடு முடிந்தது என்று நினைத்துத்தான் முதலாவது பலகையை வரைந்தேன். எதிர்ப்பக்கத்தில் இருபதாம் காலுக்கும் ஐந்து வோல்ட் வேண்டும், 22ஆம் காலுக்கும் தரை வேண்டும். இருபதாம் கால், ஒப்புமை அளவீடுகளை, அதாவது மின்னழுத்தம் எவ்வளவு என்று அளப்பதைச் செய்யும் பகுதிக்கான தனி உணவு. அளவீடு செய்யாவிட்டாலும் அதைக் கட்டாயம் இணைக்க வேண்டும் என்று தயாரிப்பாளரின் தரவுத்தாளில் எழுதியிருக்கிறது. நான் தரவுத்தாளைத் திறந்தேன். பல நூறு பக்கங்கள் என்று கண்டதும் மூடிவிட்டேன். முதலாவது பலகை தாங்கியின் நீர்மட்டத்தை வாசித்தபோது, வெறும் தாங்கியை நிறைந்தது என்றும் நிறைந்ததைப் பாதி என்றும் சொன்னது. மூன்று நாட்கள் நிரலைத் திருத்திக்கொண்டிருந்தோம்.

மருமகளின் பாடப்புத்தகத்தில் கப்பாசிட்டருக்குக் கொள்ளளவி என்று பெயர், டயோடுக்கு இருவாயி. அழகான சொற்கள்தான். கிளிநொச்சிக் கடையில் போய்க் கொள்ளளவி கேட்டால் கடைக்காரர் அனுதாபத்தோடு பார்ப்பார். அவருக்கு அது ‘நூற்றிநாலு’. மஞ்சள் பயறு போன்ற அந்தச் சிறிய பொருளின் உடம்பில் 104 என்று அச்சடித்திருக்கும்: பத்துக்குப் பின்னால் நான்கு சுழியம், அத்தனை பிக்கோபரட், அதாவது 100 நானோபரட். ஏழுக்கும் எட்டுக்கும் குறுக்கே ஒன்று, இருபதுக்கும் 22க்கும் குறுக்கே ஒன்று வைக்க வேண்டும். அந்த அளவீட்டுக்கு அளவுகோலாக நிற்கும் 21ஆம் காலிலிருந்து தரைக்கும் ஒன்று வைக்கலாம். அந்தக் காலை நேரே ஐந்து வோல்ட்டுக்குக் கட்டிவிடாதீர்கள், நிரல் உள்ளக அளவுகோலைத் தேர்ந்த நாளில் உள்ளே இரண்டும் மோதும்.

இந்த நூற்றிநாலு எதற்கு என்று மருமகள் கேட்டாள். ஐந்து வோல்ட் ஏற்கெனவே வருகிறதே, கம்பியில் என்ன குறை என்றாள். இரணைமடுக் குளம் நிறையத் தண்ணீர் இருந்தாலும், வாய்க்காலின் கடைசி வயற்காரன் கேட்ட அந்த நிமிடத்தில் அது அவனிடம் வந்து சேராது என்று நான் சொல்லத் தொடங்கினேன். சிப்புக்குள் ஒரு நொடியில் கோடிக்கணக்கான முறை ஆளிகள் திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு மிடறு மின்னோட்டம் அந்தக் கணமே வேண்டும். வயலோடு ஒட்டி ஒரு துரவு வெட்டி வைத்தவன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான். நூற்றிநாலு அந்தத் துரவு. துரவை ஊருக்கு அப்பால் வெட்டினால் பயனில்லை. கால்களிலிருந்து சில மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். வாசலில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா, “சைக்கிளுக்கு நான் வைத்ததுதானே?” என்றார். அதேதான். என் வயல் உவமையைவிட அவருடைய சைக்கிள்தான் அவளுக்கு உடனே விளங்கியது.

ஒன்றாம் கால் மீள்தொடக்கம். அதைத் தரையில் தொட்டால் சிப் மறுபடி முதலிலிருந்து எழும்பும். ஆகவே வேண்டாத நேரத்தில் தொடாமல் மேலே இழுத்துப் பிடிக்க, அதற்கும் ஐந்து வோல்ட்டுக்கும் நடுவே பத்துக் கிலோ ஓம் தடையி ஒன்று: கபிலம், கறுப்பு, செம்மஞ்சள். சிப்புக்கு உள்ளேயே இழுத்துப்பிடிக்கும் ஒரு தடையி இருப்பது உண்மை. ஆனால் அதன் பிடி தளர்வானது, பக்கத்தில் ரிலே அடிக்கிற இடத்தில் அதை நம்பி இருக்கக் கூடாது.

ஒன்பதாம், பத்தாம் கால்கள், சிப் தாளம் தவறாமல் நடக்க வேண்டிய துடிப்புக்கு. அதைத் தருவது 16 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல் ஒன்று, அதன் ஒவ்வொரு காலிலிருந்தும் தரைக்கு 22 பிக்கோபரட். முதலாவது பலகையில், பார்வைக்கு வெள்ளித் தாயத்து போல இருக்கிறதே என்று கிறிஸ்டலைப் பலகையின் நடு விளிம்பில் கொண்டுபோய் வைத்தேன். சிப்பிலிருந்து நான்கு சென்ரிமீற்றர். சில நாட்கள் துடித்தது, சில நாட்கள் துடிக்கவில்லை. விரலை அருகில் கொண்டுபோனால் உயிர் வந்தது. மருமகள் அதற்கு ‘மாமாவின் மந்திரப் பலகை’ என்று பெயர் வைத்தாள். கிறிஸ்டல் சிப்போடு ஒட்டி உட்கார வேண்டும், அழகெல்லாம் பிறகு.

முதலாவது பலகையைச் செய்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. கீகாட் என்ற இலவச மென்பொருளில் வரைந்தோம். 1992இல் பிரெஞ்சுக்காரரான ஷான்-பியர் ஷராஸ் தொடங்கியது. அதில் இணைப்புப் பிழைகளைச் சோதிக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் விட்டுப்போன கால்களில் அம்புக்குறி போடும். இருபதாம் காலிலும் போட்டது. வாழ்நாள் முழுக்கச் சிவப்புப் பேனா பிடித்த எனக்கு, என் தாளில் சிவப்பு விழுந்தது பிடிக்கவில்லை; மூடிவிட்டேன். பிறகு படத்தை லேசர் அச்சில் பளபளப்புத் தாளில் எடுத்து, செப்புப் பலகையில் கவிழ்த்து வைத்து, உடுப்பு அழுத்தும் இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தோம். மின்சாரம் இருந்த அந்த இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிக்க வேண்டும். கரிய மை செப்பில் ஒட்டிக்கொள்ளும், மற்ற இடத்துச் செப்பைப் பெரிக் குளோரைட் கரைசல் தின்றுவிடும்.

தாளைக் கவிழ்த்து வைப்பதால் படம் இடம்வலமாக மாறும், ஆகவே அச்சிடும்போது திருப்பி அச்சிட வேண்டும் என்று தீர்மானித்தேன். தெறிப்பு, அதாவது கண்ணாடிப் பிம்பம், பற்றி வகுப்பில் வருடா வருடம் படிப்பிக்கிற எனக்கு இதில் சந்தேகமே வரவில்லை. கீழ்ப்பக்கச் செப்பை மென்பொருள் காட்டுவது மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதாக. அதாவது அது ஏற்கெனவே ஒருமுறை தெறித்த படம். கவிழ்த்து ஒட்டும்போது இரண்டாவது முறை தெறித்து நேராகிவிடும். நான் மூன்றாவது ஒன்றைச் சேர்த்தேன். ஒற்றைப்படைத் தெறிப்பு என்ன செய்யும் என்று மாணவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். சிப்பின் ஒன்றாம் கால் போக வேண்டிய துளையில் 28ஆம் கால் நின்றது. பலகையை எறிய மனமில்லை, செப்புப் பலகையின் விலை அப்படி. சிப்பின் சொக்கெட்டைச் செப்பு இருக்கும் பக்கத்திலேயே வைத்து ஈயம் பிடித்தோம். கண்ணாடிக்குள் இருந்து பார்ப்பதுபோல எல்லாம் சரியாக வந்தது. லாச்சிக்குள் இருக்கும் பலகையில் சிப் இன்றைக்கும் மல்லாந்த வண்டுபோல அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது.

பெரிக் குளோரைட்டைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள். செப்பைத் தின்பதற்கு முன் பாத்திரத்தைத் தின்னும், சூடேறிப் பொங்கும். நான் எடுத்தது அம்மாவின் பழைய சுண்டு அளவுப் பாத்திரம். அது சட்டென்று ஓட்டையாகி, திண்ணைச் சீமெந்தில் ஒரு துருநிறக் கறையை விட்டுப்போனது. அந்தக் கறையை அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். இரண்டாவது, வேலை முடிந்த கரைசலைக் கிணற்றுப் பக்கம் ஊற்றாதீர்கள், அதில் செம்பு கரைந்திருக்கிறது. வாழைக்கும் வேண்டாம். சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் நுரைத்து அடங்கி அடியில் சேறு படியும். அதை உலரவைத்து மூடிய போத்தலில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

மின்வெட்டு நேரத்தில் சோல்டரிங் அயன் சூடாகாது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா அறையிலிருந்து தன் பழைய செப்புக் கோலை எடுத்து வந்தார். சிரட்டைக்கரியில் சுட்டு ஈயம் பிடிப்பது. தகரப் பீப்பாய்க்கு நல்லது, சிப்பின் கால்களுக்கு அது உலக்கை. ஆனால் பம்பிக்குப் போகும் தடித்த கம்பியை அதனால்தான் பிடித்தோம்.

இரண்டாவது பலகைக்கு எல்லாக் கால்களையும் நேராக இணைத்தோம். புதிய சிப் வாங்கி, விளக்கை ஒரு வினாடி எரித்து ஒரு வினாடி அணைக்கும் சின்ன நிரலை ஏற்றினோம். விளக்கு எரிந்தது, அணையவில்லை. “மாமா, இதுவும் செத்துவிட்டது” என்றாள். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் அணைந்திருந்தது. பிறகு எரிந்தது. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன்: 16 வினாடி எரிகிறது, 16 வினாடி அணைகிறது. பதினாறு என்ற எண்ணைக் கண்டதும் கணித வாத்தியார் விழித்துக்கொண்டார். கடைக்கு வரும் புதிய சிப் வெளியே உள்ள கிறிஸ்டலைப் பார்ப்பதே இல்லை. உள்ளேயே 8 மெகாஹேர்ட்ஸ் துடிப்பான் ஒன்று வைத்திருக்கிறது, அதையும் எட்டால் வகுத்து ஒரு மெகாஹேர்ட்ஸில் நடக்கிறது. நிரலோ பதினாறு என்று நம்பி எழுதப்பட்டது. ‘பியூஸ்’ என்று அழைக்கப்படும் சில அமைப்புகளை ஒருமுறை மாற்றினால்தான் அது கிறிஸ்டலுக்குத் திரும்பும். மாற்றியபின் கிறிஸ்டல் இல்லாத பலகையில் அந்தச் சிப்பைச் செருகினால் பேச்சுமூச்சு இராது. பலர் அதைச் செத்ததாக எண்ணி எறிந்துவிடுகிறார்கள். கிறிஸ்டலைத் திரும்ப வைத்தால் எழும்பிவிடும்.

நிரலேற்றுவதற்குத் தனிக் கருவி வாங்கவில்லை. மருமகளின் ஆர்டுயினோவையே ஏற்றும் கருவியாக்கி, 17, 18, 19ஆம் கால்களையும் ஒன்றாம் காலையும், கூடவே ஐந்து வோல்ட்டையும் தரையையும் இணைத்தோம். ஆர்டுயினோ தானே மீள்தொடங்காமல் இருக்க அதன் மீள்தொடக்கத்துக்கும் தரைக்கும் நடுவே 10 மைக்ரோபரட் ஒன்று. இந்த ஆறு கம்பிகளுக்கும் பலகையிலேயே ஓர் ஆறுகாற் செருகி வைத்துவிடுங்கள். சிப்பை ஒவ்வொரு முறையும் சொக்கெட்டிலிருந்து கிளப்பினால் ஏதாவது ஒரு கால் முறியும். எனக்கு முறிந்தது மூன்றாம் கால்.

பிறகு ரிலே. 12 வோல்ட் ரிலேயின் சுருளுக்கு ஏறத்தாழ 30 மில்லிஅம்பியர் வேண்டும். ஐந்து வோல்ட் சிப்பின் கால் அதை நேரே ஓட்டாது. நடுவே ஒரு ட்ரான்சிஸ்டர், சிறு மின்னோட்டத்தால் பெரியதைத் திறக்கும் ஆளி. அதன் ‘அடி’ என்ற காலுக்கு ஒரு கிலோ ஓம் தடையி. சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோட், அதன் வெள்ளிக் கோடு 12 வோல்ட் பக்கம். ரிலேயை அணைக்கும்போது சுருள் திருப்பி உதைக்கும் உதையை அது வாங்கிக்கொள்ளும். நான் வரைந்தது பிசி 547 என்ற ட்ரான்சிஸ்டருக்கு. கடையில் அது முடிந்துவிட்டது, “இதுவும் அதுதான் சேர்” என்று 2222 என்ற இலக்கமுள்ள ஒன்றைக் கொடுத்தார்கள். அதே கறுப்பு உடம்பு, அதே மூன்று கால். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் 547இல் இடமிருந்து சேகரிப்பான், அடி, காலி (எமிற்றர்). 2222இன் சில தயாரிப்புகளில் அது நேர் எதிர்: காலி, அடி, சேகரிப்பான். ரிலே மனமில்லாமல் முனகியதே தவிர இழுக்கவில்லை. திருப்பி வைத்ததும் அடித்தது. கடைக்காரர் சொன்னது பொய்யல்ல, வேலை ஒன்றுதான். கால் ஒழுங்கு மட்டும் வேறு.

ரிலே அடித்த ஒவ்வொரு முறையும் சிப் புதிதாகப் பிறந்தது. பம்பி ஓடத் தொடங்கும், சிப் மீள்தொடங்கும், பம்பி நிற்கும், மறுபடி ஓடும். பற்றரியிலிருந்து வரும் தரைப்பாதை ஒன்றே ஒன்று. பம்பியின் ஐந்து அம்பியரும் சிப்பின் சில மில்லிஅம்பியரும் அதே மெல்லிய செப்பு வழியே திரும்பின. பம்பி உதைக்கும்போது சிப்பின் ‘தரை’ தரையில் இருப்பதில்லை. பெரிய லொறி போகும் ஒழுங்கையில் சைக்கிள்காரன் வேலியில் ஏறுவது போலத்தான். மூன்றாவது பலகையில் பம்பியின் பாதையைத் தனியே பிரித்து, பற்றரி முனையில் மட்டும் சந்திக்க வைத்தேன். பம்பிப் பாதையின் மேல் தடித்த கம்பியைப் படுக்கவைத்து ஈயமும் ஊற்றினேன்.

மூன்றாவதை 2023இல் சீனாவில் ஒரு தொழிற்சாலையில் அச்சிடக் கொடுத்தோம். குறைந்தது ஐந்து பலகை எடுக்க வேண்டும். பலகைகளின் விலையைவிடத் தபாற்செலவு கூட. அனுப்புவதற்கு முன் செய்த ஒரு வேலையை யாரும் தவறவிட வேண்டாம்: பலகையின் படத்தை அதே அளவில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, வாங்கிவைத்த பாகங்களின் கால்களைத் தாளில் குத்திப் பார்த்தோம். நாங்கள் தேர்ந்த திருகு முனையின் கால் இடைவெளியும் வாங்கியதன் இடைவெளியும் வேறு என்று அப்போதே தெரிந்தது. ஒரு சாதாரணத் தாள் ஐந்து பலகைகளைக் காப்பாற்றியது. இந்த முறை சிவப்பு அம்புகள் ஒன்றும் மிஞ்சாதவரை மருமகள் என்னை நகரவிடவில்லை.

இந்தப் பலகையில் கிறிஸ்டலே வைக்கவில்லை. உள்ளே இருக்கும் 8 மெகாஹேர்ட்ஸ் துடிப்பு அவ்வளவு துல்லியமில்லை, பத்து வீதம்வரை பிசகலாம். கணினியோடு தொடர்ந்து பேச வேண்டிய பலகைக்கு அது ஆகாது. தண்ணீர்த் தாங்கிக்கு யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? படங்களில் பார்த்த எல்லாவற்றையும் பலகையில் ஏற்றுவது புதியவர்களின் இன்னொரு வியாதி. எனக்கும் இருந்தது.

பலகைகள் வந்ததும் சிப்பைச் செருகாமல் மின்சாரப் பகுதியை மட்டும் முதலில் ஈயம் பிடித்தோம்: உருகி, பற்றரியை மாறிக் கொடுத்தாலும் தடுக்கும் டயோட், ஐந்து வோல்ட்டாக அடக்கும் 7805, அதன் இருபுறமும் கப்பாசிட்டர்கள். சூரியத் தகடு ஏற்றும்போது பற்றரி 14 வோல்ட்டையும் தாண்டும். மிச்ச ஒன்பதையும் 7805 வெப்பமாக்கித்தான் எறிகிறது. 30 மில்லிஅம்பியருக்கு அது கால் வாற்றுச் சொச்சம், விரல் வைக்கலாம். ரிலேயின் சுருளை 7805க்குப் பின்னால் தொங்கவிடவில்லை, நேரே 12இல். பிறகு வெறும் சொக்கெட்டில் மல்டிமீற்றரை வைத்து ஏழுக்கும் எட்டுக்கும், இருபதுக்கும் 22க்கும் ஐந்து வோல்ட் பார்த்தோம். இரண்டு இடத்திலும் 5.02. அதன் பிறகுதான் சிப். உயர் மின்னழுத்தத்தைப் பற்றி ஒரே வார்த்தை: முதற் பலகையில் 230 வோல்ட்டைக் கொண்டுவராதீர்கள்.

தாங்கிக்குள் தொங்கும் கம்பிகள் வேறொரு பாடம் வைத்திருந்தன. செப்புக் கம்பிக்கு எந்நேரமும் ஐந்து வோல்ட் கொடுத்து வைத்திருந்தோம், மூன்று வாரத்தில் ஒரு கம்பி பச்சையாகி அரைவாசி கரைந்துபோனது. தண்ணீருக்குள் நேரோட்டம் ஒரே திசையில் ஓடினால் உலோகம் கரையும். இப்போது துருப்பிடிக்காத உருக்குக் கம்பி. பத்து வினாடிக்கு ஒருமுறை ஒரு கண்சிமிட்டல் நேரம் மட்டும் மின்னழுத்தம், அதுவும் ஒருமுறை இப்படி, மறுமுறை அப்படித் திசைமாற்றி. நிரலில் நான்கு வரி. மாரி தொடங்கும் முன் இடி விழும் நாட்களில் அந்த நீளக் கம்பிகளைத் திருகு முனையிலிருந்து கழற்றிவிடுவதும் உண்டு. பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியதற்கு இன்னும் மருந்து கிடைக்கவில்லை, வேப்பெண்ணெய் பூசிப் பார்த்தாயிற்று.

பலகையில் வெள்ளை எழுத்தில் பெயர்கள் அச்சிடலாம். எல்லாரும் ஆங்கிலத்தில் போடுகிறார்கள். மருமகள் தமிழில்தான் போட வேண்டுமென்று நின்றாள். அந்த வருடம் வந்த கீகாட் ஏழாம் பதிப்பில் கணினியிலுள்ள எந்த எழுத்துருவையும் எடுக்கலாம். ‘பற்றரி’, ‘தாங்கி’, ‘தரை’, ‘பம்பி’ என்று திருகு முனைகளுக்குப் பக்கத்தில் எழுதினாள். இடம் போதாததால் எழுத்தின் உயரத்தை இரண்டு மில்லிமீற்றருக்கும் கீழே குறைத்தோம். பொதியைப் பிரித்தபோது எழுத்துகள் வெள்ளை வெளேரென்று நிறைவாக வந்திருந்தன. புள்ளிகள் மட்டும் வரவில்லை. அச்சு இயந்திரத்துக்கு அவை அத்தனை சிறியவை. அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பலகையை வெளிச்சத்தில் பிடித்து, ஓரமாக எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“தாஙகி… பமபி… பிள்ளை, இது எந்த ஊர்ப் பாஷை?”